நான்காம் மாதிரி

மானுட குலத்தின் அடுத்த நூறாண்டுக் கால ஆரோக்கியம் 2009 பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, திண்டுக்கல்லில் வைத்து நிர்ணயிக்கப்படுவதாக இருந்தது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. உயிரியல், நானோ தொழில்நுட்பம், நச்சியல் என்னும் மூன்று பேராறுகள் வேடசந்தூர் சாலையிலுள்ள அந்தக் கல்லூரியின் வெள்ளிவிழா அரங்கில் சங்கமிக்கும், அந்தச் சங்கமத்தில் எழும் ஒளி உலகெங்கும் பரவும் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். கல்லூரிக்கு வயது பதினொன்றுதான். அரங்குக்கு முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார்கள். பத்தே முக்கால் ஆகியும் ஒளி எழவில்லை. குத்துவிளக்குக்கு எண்ணெய் வாங்க எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். கடைசியில் கேன்டீனில் காலை மெதுவடை பொரித்த சட்டியிலிருந்து இரண்டு கரண்டி மொண்டு வந்து ஊற்றினார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் முதல் திரியை ஏற்றியதும் ஒளி கொஞ்சமாகவும் வடை வாசம் நிறையவும் பரவியது. பின்வரிசையில் யாருக்கோ பசி வந்துவிட்டது.

வாசலில் பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமுமாக நின்றிருந்த விலங்கியல் விரிவுரையாளர் லிடியா அந்த வாசத்தை இழுத்துவிட்டு நேரே பார்த்துக்கொண்டாள். சிரித்தால் பட்டுச்சேலைக்கு மரியாதை இல்லை. எட்டு வருடமாக அந்தக் கல்லூரியில் எந்த விழா என்றாலும் பன்னீர் அவள்தான். முடிவில் நன்றியுரையும் அவள்தான். இடைப்பட்டதெல்லாம் ஆண்களுக்கு. அவளுக்கு மேலே கட்டியிருந்த பெரிய ஃபிளெக்ஸில் ஒரு பக்கம் மரபணு ஏணி முறுக்கிக்கொண்டு நின்றது, மறுபக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் 'நானோ' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அன்பாகச் சேர்த்த படம் அது. காலையில்தான் கண்ணில் பட்டது. காரின் மேல் ஒரு மாலையைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். சக்கரங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்காக இருந்தால்தான் மானியம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதால், இன்னொரு நாடும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. கல்லூரித் தாளாளர் சுருளிவேலின் சகலை மாணிக்கவேலு மலேசியாவில், கிள்ளானில், மருந்துக் கடை வைத்திருப்பவர். பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்தக் குடும்பத்தோடு வந்தவரை அப்படியே பிடித்து மேடையேற்றிவிட்டார்கள். புதிதாக மழித்த தலை, அதில் காய்ந்த சந்தனம், கழுத்தில் 'வெளிநாட்டுப் பேராளர்' என்ற அட்டை. நச்சியல் அமர்வுக்கு அவர்தான் தலைவர். மருந்தும் நஞ்சும் பக்கத்துப் பக்கத்து அலமாரிதானே என்று இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார் முனைவர் ராயப்பராஜ்.

ராயப்பராஜ் விலங்கியல் துறையின் தலைவர், கருத்தரங்கின் அமைப்புச் செயலர். லிடியாவின் பங்குக் கோயில்தான் அவருக்கும். ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கும் அதே குரலில்தான் கல்லூரியில் சுற்றறிக்கையும் வாசிப்பார். கேட்பவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலைகுனிந்துகொள்வார்கள். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. எது கேட்டாலும் ஒரு கமிட்டி போடுவார், அதற்குத் தானே தலைவராக இருப்பார். அந்தக் கமிட்டி அப்புறம் கூடாது.

லிடியாவின் தண்ணீர் விவகாரத்துக்கும் அப்படி ஒரு கமிட்டி இருந்தது. போன கோடையில் விடுதிப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது, கை கால் அரிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று வந்து நின்றார்கள். வடமதுரைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஜீவிதா என்ற பெண் வடித்த சோற்றை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சள் போடாமலே மஞ்சளாக இருந்தது. கல்லூரிக்கும் அதற்குக் கிழக்கே இருந்த தோல் ஷாப்புக்கும் நடுவே கிடந்த கிணறு, ஆழ்துளைப் போர் எல்லாவற்றிலும் லிடியா தண்ணீர் எடுத்தாள். ஊறவைத்த ஆட்டுத்தோலைப் பதப்படுத்தும் அந்த ஷாப்பின் கழிவு எங்கே போகிறது என்பது காற்றடிக்கும் திசையில் நிற்கும் எவருக்கும் தெரியும். எழுதி வைத்தவர்தான் யாருமில்லை. கண்ணாடித் தொட்டிகளில் ஒவ்வொரு தண்ணீரையும் ஊற்றி, மீன்பண்ணையிலிருந்து வாங்கிவந்த கெண்டைக் குஞ்சுகளை விட்டாள். மற்ற தொட்டிகளில் மீன்கள் சோர்ந்தன, சில செத்தன. நான்காம் மாதிரியில் மூன்றாம் நாள் மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படித்தான். மதுரையில் ஒரு ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது குரோமியம் இருக்கக்கூடாத அளவில் இருந்தது. நான்காம் மாதிரி விடுதியின் போர் தண்ணீர். தோல் ஷாப்பு தாளாளர் சுருளிவேலுடையது.

கருத்தரங்குக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வந்தபோது லிடியா ஒன்றே ஒன்றுதான் நினைத்தாள். கமிட்டியில் சொல்ல முடியாததை மேடையில் சொல்லிவிடலாம். அந்தக் கூரைக்குக் கீழே, நாலு பேர் காதில் விழ, நான்காம் மாதிரி எது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. கட்டுரையை வாங்கிப் புரட்டிய ராயப்பராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தார். சங்கடமான பேச்சுக்கு அவர் செய்யும் முதல் காரியம் அது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் அருமைம்மா. அந்த நாலை மட்டும் தூக்கிருங்களேன்."

"நாலுதான் சார் விஷயமே."

"சரி, தூக்க வேணாம். பேரு போடாம 'ஓர் இடம்'னு போடுங்க. உலகத்துல எல்லா எடத்துலயும் அப்படித்தான் போடுறான்."

"ஓர் இடத்துல பிள்ளைக தண்ணி குடிக்கல சார். விடுதியிலதான் குடிக்குதுக."

"ஏம்மா, நாம யாரு சோத்தத் திங்குறோம்? யோசிச்சுப் பேசணும்ல."

"சோறு எங்க வீட்டுல வடிச்சது சார். தண்ணிதான் அவரோடது."

ராயப்பராஜ் விசிறியை இன்னொரு எண் கூட்டினார். மேசைமேல் இருந்த கட்டுரையின் முதல் பக்கம் எழும்பி அடங்கியது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் லிடியாவின் கட்டுரை பேச்சுரைப் பட்டியலிலிருந்து சுவரொட்டிப் பட்டியலுக்கு இறங்கியிருந்தது. பேச வேண்டாம், இடப்பெயர் எதுவும் போடாமல் மாதிரி எண்களை மட்டும் ஒரு தாளில் அடித்து ஒட்டிவிட்டு ஓரமாக நின்றால் போதும். சுவரொட்டிகளுக்கு நூலகத்தின் நீண்ட தாழ்வாரம். அதில் அவளுடையதற்கு மட்டும் இடம் போதவில்லை. சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களுக்கு மேலே ஒரு சுவர் காலியாக இருந்தது.

அன்று காலை அந்தச் சுவரில் தாளை ஒட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பேச்சாயி. கல்லூரியைக் கூட்டிப் பெருக்குவதும், விழாவென்றால் மேடைக்குத் தண்ணீர் வைப்பதும் அவள் வேலை. லிடியாவின் கணவன் ஆண்டனிராஜைப் பற்றி விசாரிக்காமல் அவள் பேச்சைத் தொடங்குவதில்லை.

"வீட்டுல சாரு நல்லாருக்காகளா? அதென்ன டீச்சர், உங்களுத மட்டும் கக்கூசுப் பக்கம் ஒட்டுறீக?"

"கை கழுவுற எடம் பேச்சாயி. கக்கூஸ் அங்கிட்டு இருக்கு."

"என்னமோ. பத்தடிதான வித்தியாசம்." அவள் கையில் ஒரு எவர்சில்வர் செம்பும் மூடி போட்ட டம்ளரும் இருந்தன. "மேடையில உக்காருறவுகளுக்குப் பாட்டில் தண்ணியாம். எண்ணித்தான் வாங்கியிருக்காக. நின்னு பேசுறவுகளுக்கு இந்த டம்ளரு. உக்காந்தா ஒரு தண்ணி, நின்னா ஒரு தண்ணி."

காலை அமர்வில் சிறப்பு விருந்தினர் தண்ணீரிலுள்ள நஞ்சை நானோ துகள்களால் உறிஞ்சி எடுப்பது பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நடுவில் மின்சாரம் இரண்டு முறை போனது; திரை இருண்டபோதும் அவர் நிறுத்தவில்லை. கங்கை வந்தது, தேம்ஸ் வந்தது, செவ்வாய்க் கோளில் ஓடியிருக்கக்கூடிய ஆறுகூட வந்தது. இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். தாளாளர் சுருளிவேல் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். அந்தத் துகளைக் கல்லூரியிலேயே தயாரிக்க ஒரு மையம் தொடங்கினால் அதற்கும் மானியம் உண்டு என்று ராயப்பராஜ் அவர் காதில் சொன்னதை, பன்னீர்ச் சொம்போடு பின்னால் நின்ற லிடியா கேட்டாள்.

மதியம் சீரகச் சம்பா பிரியாணி. மூன்று துறைகளும் உண்மையில் சங்கமித்தது அங்கேதான். ராயப்பராஜின் கணக்கில் ஒரே ஒரு பிசகு நேர்ந்திருந்தது. நூலகத் தாழ்வாரத்துச் சுவரொட்டிகளை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பிரியாணி தின்றவன் கை கழுவித்தான் ஆகவேண்டும். குழாய்கள் குறைவு, கூட்டம் அதிகம். நெய் வழியும் வலதுகையை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் மனிதனுக்குப் பேப்பரைப் புரட்ட முடியாது, செல்போனை எடுக்க முடியாது. எதிரே இருப்பதை வாசிக்க மட்டுமே முடியும். அந்த நாளில் அந்தக் கருத்தரங்கில் முழுவதுமாக வாசிக்கப்பட்ட ஒரே ஆராய்ச்சி லிடியாவுடையது. சிலர் முடிக்காமல் நகர மனமில்லாமல் இரண்டாம் முறை கை கழுவினார்கள்.

மாணிக்கவேலு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக் கொப்பளித்தபடி அண்ணாந்து வாசித்துக்கொண்டிருந்தார். பாதியில் கொப்பளிப்பது நின்றது. கன்னம் உப்பியபடியே ஓரமாக நின்ற லிடியாவைப் பார்த்து, நான்காம் தொட்டியின் படத்தை விரலால் காட்டினார். பிறகு துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா இது, மூணே நாள்ல அத்தனை மீனுமா? எங்க இருக்கு இந்தக் கிணறு?"

"நீங்க இப்பத் துப்பினது அதுதான் சார்."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஈரத்தைப் பார்த்தார். "முருகா" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் ஓடி, ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடுங்கி வந்து வாயை மறுபடி கழுவினார். வெளிநாட்டுப் பேராளரே பாட்டிலில் கழுவுவதைக் கண்ட பிறகு குழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. மேடைக்கு எண்ணி வாங்கிய பாட்டில்களை ஆளாளுக்குத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார்கள். செய்தி சுருளிவேலின் காதுக்கு அவருடைய சகலை வாயிலாகவே போய்ச் சேர்ந்தது.

லிடியா சாப்பிட்டுவிட்டு வந்தபோது ராயப்பராஜ் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். தானே தன் கையால், சமையல்காரரின் ஃபிளெக்ஸ் ஒன்றை அவளுடைய தாளின் மேல் கட்டிக்கொண்டிருந்தார். 'சைவ அசைவ விருந்துகளுக்கும் சகல சுபகாரியங்களுக்கும் அணுகவும்.' நான்காம் தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு கோழி.

"காத்துல கிழிஞ்சிரும்னுதாம்மா," என்றார், இறங்காமலே.

இலை அசையவில்லை. லிடியா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அவர் விழுந்துவிட்டால் அதற்கும் அவள்தான் பொறுப்பாவாள்.

"தாளாளரு ரொம்ப மனசு சங்கடப்பட்டுட்டாரு. போனது போகட்டும். சாயங்காலம் நன்றியுரையில ஒருத்தர் பேருகூட விட்டுப்போகக் கூடாது. அவரு பேரு மொதல்ல வரணும். கேட்டுச்சா?"

"ஒரு பேரும் விடமாட்டேன் சார்," என்றாள் லிடியா.

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. முப்பது வருட உத்தியோகத்தில் ராயப்பராஜ் எத்தனையோ நன்றியுரைகளுக்கு மேடையில் இருந்திருக்கிறார், ஒன்றையும் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அது செருப்பைத் தேடும் நேரம், பஸ்ஸைக் கணக்குப் போடும் நேரம். அந்தத் தொல்லைக்காகவே அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: பங்கேற்புச் சான்றிதழ் நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் பிறகுதான். அதுவரைக்கும் கதவுகள் சாத்தியிருக்கும். சான்றிதழுக்காகவே வந்த கூட்டம் என்பதால் ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒலிபெருக்கி சௌகத் அலியுடையது. திண்டுக்கல்லில் கல்யாணம், கட்சிக் கூட்டம், சந்தனக்கூடு, மாதா தேர் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒருமுறை ஏதோ ஒரு கூட்டத்தில் கட்சியின் மாவட்டச் செயலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டு, தொண்டர்கள் கையால் பட்டதை அவர் மறக்கவில்லை. அதிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். பேசுகிறவர் வாயிலிருந்து 'நன்றி, வணக்கம்' என்று சேர்ந்தாற்போல வரவேண்டும். வந்தால்தான் பட்டனில் விரல். யார் கை காட்டினாலும், கண் காட்டினாலும் நடக்காது. நன்றியுரை சொல்லிச் சொல்லி லிடியாவுக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும்.

மாலை ஐந்து மணிக்கு அவள் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். கையில் தாள் இல்லை. மேடையில் வரிசையாக ஐந்து நாற்காலி, ஐந்து பொன்னாடை. பின்சுவரோரம் விடுதிப் பிள்ளைகள் ஒரே நிறச் சேலையில் நின்றிருந்தார்கள். ஜீவிதா கையில் சான்றிதழ்க் கட்டு. லிடியா அவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒழுங்காகப் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நாளைக்கும் பன்னீர் தெளிக்கலாம். மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"முதலாவதாக, இந்தக் கல்லூரிக்கு இடமும் கட்டடமும் தண்ணீரும் தந்த எங்கள் தாளாளர் திரு சுருளிவேல் அவர்களுக்கு நன்றி."

கைதட்டல். சுருளிவேல் கைகூப்பினார்.

"அவருடைய தோல் ஷாப்பிலிருந்து எங்கள் விடுதிப் போர் வரைக்கும் குரோமியத்தைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்த நிலத்தடி நீருக்கு நன்றி."

கைதட்டல். பழக்கம் அப்படி, 'நன்றி' என்ற சொல் விழுந்ததும் கைகள் தாமாக எழுந்தன. மேடையில் கூப்பிய கைகளை எப்போது பிரிப்பது என்று தெரியாமல் சுருளிவேல் அப்படியே இருந்தார்.

"அந்தத் தண்ணீரில் மூன்றாம் நாள் மதியம் வரை என்னோடு ஒத்துழைத்த கெண்டைக் குஞ்சுகளுக்கு நன்றி. நான்காம் மாதிரி என்று என் ஆய்வில் எழுதியிருப்பது இந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதிக் குழாய். அதே தண்ணீரில் மூன்று வருடம் படித்து, முடியை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் பட்டம் வாங்கிப்போன மாணவிகளுக்கு நன்றி."

இந்த முறை கைதட்டல் நடுவரிசையில் தொடங்கி, பாதியில் தடுமாறி, நின்றது. செருப்பைத் துழாவிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. ராயப்பராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்து, ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையால் பெரிய வட்டம் போட்டார். சௌகத் அலி அவரைப் பார்த்தார், பிறகு லிடியாவின் வாயைப் பார்த்தார். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏலே, போடுறா பாட்டை!" ராயப்பராஜின் குரல் அவர் முன்னாலிருந்த மைக்கில் விழுந்து அரங்கு முழுக்கக் கேட்டது. பூசையில் வாசகம் வாசிக்கும் குரலாக இல்லை அது.

"இன்னும் வணக்கம் சொல்லலியே சார்," என்றார் சௌகத் அலி, மைக் இல்லாமல்.

பின்சுவரோரம் ஒரு பெண் சிரித்துவிட்டாள். லிடியா திரும்பவில்லை.

"இதற்கென ஒரு கமிட்டி அமைத்து, இதுநாள்வரை அதைக் கூட்டாமல் காத்துவரும் எங்கள் துறைத்தலைவர் முனைவர் ராயப்பராஜ் அவர்களுக்கு நன்றி. செவ்வாய்க் கோளின் தண்ணீர் வரை பேசிய சிறப்பு விருந்தினருக்கு நன்றி. அவர் ஊருக்குப் போகும்முன் இங்கிருந்து நாலே எட்டில் இருக்கும் விடுதிக் குழாயையும் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கருத்தரங்கில் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்ட மலேசியப் பேராளருக்கு நன்றி."

மாணிக்கவேலு மட்டும் மொட்டைத் தலையை ஆட்டி, நிஜமாகவே கும்பிட்டார். அவருடைய சகலை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், குடும்பத்தில் இன்னும் சில வருடங்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது தெரிந்தது.

லிடியா கொஞ்சம் நிறுத்தினாள். சொல்ல வேண்டியது முடிந்திருந்தது. இருந்தாலும் அவசரப்படவில்லை. எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு அரங்கு அவளுடைய அடுத்த சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது எப்படி இருக்கிறது என்று செத்த நேரம் நின்று பார்த்தாள். சான்றிதழ்க் கட்டை மார்போடு அணைத்தபடி ஜீவிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி. வணக்கம்."

பட்டன் விழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுருளிவேலும் ராயப்பராஜும் சிறப்பு விருந்தினரும் மூன்று அடி தூரத்தில் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, அவளைத் திட்டவோ தடுக்கவோ முடியாமல், நேரே பார்த்து நின்றார்கள். நாட்டுப்பண் முடிந்த பிறகும் யாரும் நகரவில்லை. கதவைத் திறக்கவேண்டியவனும் நின்றுகொண்டே இருந்தான்.

பேசி முடித்த லிடியாவுக்குத் தாகமாக இருந்தது. மைக் மேசையின் ஓரத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

பேச்சாயி அதை விடுதிக் குழாயில்தான் பிடித்து வைத்திருந்தாள்.